வேதியியல் படித்துவிட்டு எம்.ஆர்க் விண்ணப்பம்: மூன்று பரிந்துரைக் கடிதங்களை யாரிடம் கேட்பது?

உப்புப்படிகம்

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எனக்கே ஒரு சிக்கல் என்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது எம்.எஸ்சி. வேதியியல். அப்புறம் 4 வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. கட்டடக்கலை படிக்க வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே மனதில் இருப்பது, அப்போது நடக்கவில்லை, இப்போது விடுவதாக இல்லை. வருகிற டிசம்பர், ஜனவரியில் அமெரிக்காவில் எம்.ஆர்க், அதாவது கட்டடக்கலை முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். பி.ஆர்க் (கட்டடக்கலை இளங்கலை) படிக்காதவர்களையும் எடுத்துக்கொள்கிற நீண்ட படிப்பு இருக்கிறதே, அதுதான். ஹார்வர்டு, எம்.ஐ.டி. இரண்டிலும் மூன்றரை வருடம், யேல், கொலம்பியாவில் 3 வருடம். இவற்றோடு இன்னும் இரண்டு மூன்று இடங்களும் பட்டியலில் உண்டு. போர்ட்ஃபோலியோ, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பு, அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. எஸ்ஓபியை (ஏன் இதைப் படிக்க வருகிறேன் என்று எழுதும் கட்டுரை) மூன்றாவது தடவையாகத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். மாட்டிக்கொண்டிருப்பது எல்ஓஆரில், அதாவது பரிந்துரைக் கடிதத்தில்தான். நான் பார்த்த இடங்களில் எல்லாம் 3 கடிதம் கேட்கிறார்கள், ஆனால் என்னை டிசைன் செய்து பார்த்தவர் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை.

யார் யாரைக் கேட்கலாம் என்று யோசித்து வைத்திருப்பது இது. எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் கைடு, என்னை ஒரு வருடம் அருகிலிருந்து பார்த்தவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அப்போதைய துறைத்தலைவர், பதவி பெரிது, ஆனால் என் பெயர் ஞாபகம் இருக்குமா என்பதே சந்தேகம். இப்போதைய மேனேஜர், நல்லவர், ஆனால் நான் வேலையை விடப் போகிறேன் என்று அவருக்கு இன்னும் தெரியாது. உறவினர் மூலம் அறிமுகமான ஒரு பெரிய ஆர்க்கிடெக்ட், இரண்டே தடவை சந்தித்திருக்கிறேன், கடிதம் தருவதாக அவரே சொல்லிவிட்டார். கடைசியாக, 2 வருடமாக சனிக்கிழமைகளில் நான் போகும் களிமண் வகுப்பின் டீச்சர். அவர் பெயருக்குப் பின்னால் பட்டம் எதுவும் கிடையாது.

ஆர்க்கிடெக்ட் கடிதம் ஒன்றாவது இல்லாவிட்டால் எடுத்த எடுப்பிலேயே ஓரமாக வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. யாரை எடுப்பது, யாரை விடுவது?

நான்காம்டிராஃப்ட்

நான் இலக்கியம் படித்துவிட்டு மூன்றரை வருட எம்.ஆர்க் முடித்தவள். இப்போது ஒரு ஆபீஸில் வேலையில் இருக்கிறேன். உங்கள் பட்டியலைப் படித்ததும் முதலில் சொல்லத் தோன்றியது: அந்தப் பெரிய ஆர்க்கிடெக்டை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு தடவை பார்த்தவர் என்ன எழுத முடியும்? ஆர்வமுள்ள பெண், நல்ல குடும்பம், பணிவாகப் பேசினார். அதற்கு மேல் அவருக்கே எதுவும் தெரியாது. கீழே இருக்கும் கையெழுத்து எவ்வளவு பெரியதோ, அவ்வளவுக்கு மேலே உள்ள வெறுமை கண்ணில் படும்.

என் கதையைச் சொல்கிறேன். இளங்கலை கடைசி வருடத்தில் ஒரு நாவலில் வருகிற வீட்டைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினேன். முதல் டிராஃப்ட் 22 பக்கம். பேராசிரியர் திருப்பிக் கொடுத்தபோது முதல் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி மட்டும் எழுதியிருந்தார்: "கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?" எனக்குத் தெரியவில்லை. அந்த அறையைப் பற்றி 6 பக்கம் எழுதியிருந்தேன், கதவு எங்கே என்று தெரியவில்லை. மறுபடி நாவலை எடுத்து வைத்துக்கொண்டு, வீடு வருகிற வரி ஒவ்வொன்றையும் குறித்து, கட்டம் போட்ட தாளில் அந்த வீட்டை வரைய ஆரம்பித்தேன். இரண்டு அறைகள் ஒரே இடத்தில் வந்து நின்றன. அதாவது நாவலில் வருகிறபடி அந்த வீட்டைக் கட்டவே முடியாது. என் வாதம் மொத்தமும் அங்கே மாறிவிட்டது. அப்படியே நான்காவது டிராஃப்ட் வரை போனது.

எம்.ஆர்க்குக்கு நான் விண்ணப்பித்தது இரண்டு வருடம். முதல் வருடம் எங்கும் கிடைக்கவில்லை. அந்த வருடம் என் கடிதங்கள் மூன்றும் பெரிய பதவியில் இருந்தவர்களுடையது, யாருக்கும் என்னைச் சரியாகத் தெரியாது. போர்ட்ஃபோலியோவும் பலவீனம்தான், அதனால் பழியைக் கடிதத்தின் மேல் மட்டும் போட மாட்டேன். இரண்டாவது வருடம் அந்தப் பேராசிரியரிடம் போனேன், நான்கு டிராஃப்டையும் ஒரே ஃபைலில் வைத்து எடுத்துக்கொண்டு. அவர் பென்சில் கேள்வி இருந்த பக்கத்தைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். கடிதத்தில் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது, நான் படிக்கவில்லை. ஆனால் இடம் கிடைத்த பிறகு மாணவர்களைக் கூப்பிட்டுக் கல்லூரியைச் சுற்றிக் காட்டுவார்கள் இல்லையா, அன்றைக்கு ஆசிரியர் ஒருவர் கை கொடுத்துவிட்டு, "கதவைத் தேடியது நீங்கள்தானா?" என்று கேட்டார். போர்ட்ஃபோலியோவில் 24 பக்கம் வைத்திருந்தேன், அவர் அதில் எதையும் பற்றிப் பேசவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இந்த ஐந்து பேரில், நீங்கள் ஒன்றைச் செய்து, அது தப்பாகி, மறுபடி செய்ததைக் கண்ணால் பார்த்தவர் யார்? அவர்களிடம் போங்கள். அவர் வேதியியலா கட்டடக்கலையா என்பதெல்லாம் அப்புறம். புகழ்பெற்ற டச்சு ஆர்க்கிடெக்ட் ரெம் கூல்ஹாஸ் 1968இல் லண்டனில் ஏ.ஏ. பள்ளியில் கட்டடக்கலை படிக்கச் சேர்வதற்கு முன்னால் பத்திரிகையாளராக இருந்தவர். வேறு துறையிலிருந்து வருவது இந்தத் துறைக்குப் புதிது இல்லை. நீங்கள் அதை மறைக்க வேண்டியதும் இல்லை.

ப்ராஜெக்ட் கைடு கட்டாயம் வேண்டும். அவர் என்ன பார்த்தார் என்று இங்கே எழுதுங்களேன்?

ஜன்னலோரம்

மேலே சொன்னது சரி. நடைமுறை விஷயம் சிலதை நான் சொல்கிறேன், இதில் சறுக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடிதத்தை நீங்கள் வாங்கி அனுப்புவது கிடையாது. விண்ணப்பத்தில் அவர்களுடைய பெயர், பதவி, மின்னஞ்சல் கொடுத்தால் கல்லூரியிலிருந்து நேராக அவர்களுக்கு லிங்க் போகும், அவர்களே ஏற்ற வேண்டும். அந்த மெயில் பாதி நேரம் ஸ்பாமில்தான் போய் விழும். லிங்க் அனுப்பிய அன்றே போன் செய்து, வந்ததா, ஸ்பாமில் பார்த்தீர்களா என்று கேட்டுவிடுங்கள். சங்கடப்படாதீர்கள். கடைசி நாளுக்கு முந்தின இரவு சங்கடப்படுவதைவிட இது எவ்வளவோ மேல்.

6 இடம் என்றால் ஒருவருக்கு 6 லிங்க் போகும். கடிதம் ஒன்றேதான், ஆனால் ஒவ்வொரு இடத்திலும் படிவம் வேறு வேறாக இருக்கும். சில இடத்தில் கட்டம் போட்டு, "இதுவரை பார்த்த மாணவர்களில் இவர் முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா" என்ற மாதிரி கேட்பார்கள். வயதானவர்களுக்கு இது அலுப்பு. எல்லா லிங்கையும் ஒரே வாரத்தில் போகும்படி பாருங்கள், ஒரு தாளில் கல்லூரி பெயர், கடைசித் தேதி எழுதிக் கொடுங்கள். குறைந்தது இரண்டு மாதம் முன்னால் கேளுங்கள். இது செப்டம்பர், இப்போதே கேட்டுவிடலாம்.

அப்புறம், விண்ணப்பத்தில் ஒரு பெட்டி வரும். அமெரிக்காவில் 1974இல் வந்த ஃபெர்ப்பா சட்டப்படி, அங்கே சேர்ந்த மாணவருக்குத் தன் கோப்பைப் பார்க்கிற உரிமை உண்டு. பரிந்துரைக் கடிதங்களைப் பொறுத்தவரை அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று நீங்கள் டிக் செய்யலாம். செய்துவிடுங்கள். மாணவர் பார்க்க மாட்டார் என்றால்தான் எழுதுபவர் மனம்விட்டு எழுதுவார், படிப்பவரும் நம்புவார்.

மேனேஜர் விஷயம். இடம் கிடைக்குமா என்றே தெரியாத நிலையில் இப்போதைய மேனேஜரிடம் போய் இதைச் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. அதே டீமில் உங்களுக்கு மேலே இருந்து இப்போது வேறு கம்பெனிக்குப் போய்விட்ட லீடு யாராவது இருக்கிறார்களா? அவர் உங்கள் வேலையைப் பார்த்தவர், அவரிடம் சொன்னால் விஷயம் ஆபீஸுக்குள் பரவாது.

வரைபலகை

நான் கட்டடக்கலை முதலாண்டு மாணவர்களுக்கு ஸ்டூடியோ, அதாவது டிசைன் செய்து பழகுகிற வகுப்பு, எடுக்கிறேன். சில வருடங்கள் விண்ணப்பம் படிக்கிற குழுவிலும் இருந்திருக்கிறேன், எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். நான்காம்டிராஃப்ட் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் எப்படிப் படிக்கிறார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விண்ணப்பிப்பவர்கள் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள். நான் முதலில் திறப்பது போர்ட்ஃபோலியோ. அதைப் பார்த்து முடித்ததும் மனதில் ஒரு சந்தேகம் இருக்கும், அந்தச் சந்தேகத்தோடுதான் கடிதத்துக்குப் போவேன். டிசைன் படிக்காதவர் விண்ணப்பம் என்றால் அந்தச் சந்தேகம் "இவருக்கு வரைய வருமா" என்பது கிடையாது. பிளான், செக்ஷன், மாடல் எல்லாம் முதல் செமஸ்டரில் சொல்லிக் கொடுத்துவிடலாம், அதற்குத்தானே அந்தக் கூடுதல் வருடமே வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வேறு. ஸ்டூடியோவில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஆசிரியர் உங்கள் மேசைக்கு வந்து உட்காருவார். மூன்று இரவு தூங்காமல் செய்த மாடலை எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்த யோசனை நிற்காது, மறுபடி யோசிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். சரியான விடை என்று ஒன்று இருக்கிற துறையிலிருந்து வந்தவர்களுக்கு இது தாங்க முடியாத ஒன்றாக இருக்கும். படிப்பில் முதலிடத்தில் வந்தவர்கள் அந்த மேசையில் அழுததைப் பார்த்திருக்கிறேன், நல்ல பிள்ளைகள், இதுவரை யாரும் அவர்களிடம் அப்படிச் சொன்னதே இல்லை. அவ்வளவுதான். ஆகவே கடிதத்தில் நான் தேடுவது, இவர் மறுநாள் காலை மறுபடி ஆரம்பிக்கிற ஆளா என்பதை. அதை ஒரு வேதியியல் பேராசிரியர் தாராளமாகச் சொல்லலாம்.

இரண்டாவது சந்தேகமும் ஒன்று உண்டு. இருக்கிற வேலை பிடிக்காமல் எங்காவது போக வேண்டும் என்று வருகிறாரா, இல்லை உண்மையாகவே இதற்காக வருகிறாரா? இந்த இரண்டாவது கேள்விக்குப் பழைய பேராசிரியர்களால் பதில் சொல்ல முடியாது, 4 வருடம் ஆகிவிட்டது. இங்கேதான் நான் மாறுபடுகிறேன். மூன்றில் ஒன்றாவது, நீங்கள் கையாலும் கண்ணாலும் எதையாவது செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவருடையதாக இருக்க வேண்டும். அவர் ஆர்க்கிடெக்டாக இருக்க வேண்டியது இல்லை. கோடையில் ஸ்டூடியோ மாதிரியே நடத்துகிற சில வார வகுப்புகள் இருக்கின்றன, ஹார்வர்டில் டிசைன் டிஸ்கவரி, பெர்க்லியிலும் அதுபோல ஒன்று. டிசைன் பின்னணி இல்லாத பலர் அங்கே போய்க் கடிதத்துக்கும் போர்ட்ஃபோலியோவுக்கும் வழி செய்துகொள்வார்கள். உங்களுக்கு இந்த வருடம் அந்தக் காலம் தாண்டிவிட்டது. பரவாயில்லை. நூற்றுக்கணக்கான பேர் சேருகிற ஆன்லைன் வகுப்பு ஆசிரியரிடம் போய்க் கடிதம் கேட்காதீர்கள், அவர் உங்கள் வேலையைப் பார்த்திருக்கவே மாட்டார்.

பெரிய ஆர்க்கிடெக்டுகளின் கடிதங்கள் நிறையப் படித்திருக்கிறேன். "குடும்பத்தை எனக்குப் பல வருடமாகத் தெரியும்" என்று தொடங்கினால் அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவேன், அதில் எனக்கு வேண்டியது இருக்காது. அவர் மனம் நோகாமல் விலகிக்கொள்ள வழி இருக்கிறது. கடிதத்துக்குப் பதிலாகப் போர்ட்ஃபோலியோவை ஒரு மணி நேரம் பார்த்துத் தரச் சொல்லுங்கள். அவருடைய கண் உங்களுக்கு அங்கேதான் உதவும்.

களிமண் டீச்சரைப் பற்றி ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். 2 வருடம் என்பது சின்ன காலம் இல்லை. அவர் உங்களிடம் என்ன பார்த்திருக்கிறார்?

உப்புப்படிகம்

இவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள், மூன்று பேருக்கும் நன்றி. ஆர்க்கிடெக்டுக்கு நேற்றே மெசேஜ் போட்டேன், போர்ட்ஃபோலியோ பார்த்துத் தர முடியுமா என்று. மகிழ்ச்சியாகச் சரி என்று சொல்லிவிட்டார்.

கைடு பார்த்தது என்ன என்று கேட்டீர்கள். என் ப்ராஜெக்ட் ஒற்றைப் படிகம் வளர்ப்பது. கரைசலை மூடி, மூடியில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, மெதுவாக ஆவியாக விட்டு, மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். முதல் ஐந்து மாதம் எனக்கு ஒன்றுகூட ஒழுங்காக வளரவில்லை. ஒன்று கலங்கலாக வரும், இல்லாவிட்டால் விரிசலோடு வரும், இல்லாவிட்டால் ஒன்றுக்குப் பதில் நூறு பொடிப்பொடியாக அடியில் கிடக்கும். தினமும் காலையில் போய் பீக்கரைத் தொடாமல், குனிந்து பார்த்து, அப்படியே நோட்டில் வரைவேன். எழுதுவதைவிட வரைவது எனக்குச் சுலபம் என்பதால் அப்படிச் செய்தேன். சார் ஒருநாள் நோட்டைப் புரட்டிவிட்டு, விரிசல் எல்லாம் ஒரே பக்கமாகவே விழுகிறதே, பீக்கர் எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். ஜன்னல் ஓரம். மதியம் அந்தப் பக்கம் மட்டும் வெயில் படும். இடத்தை மாற்றின பிறகுதான் சரியாக வளர்ந்தது.

களிமண் வகுப்பில் அப்படிப் பெரிதாக ஒன்றும் இல்லை. சக்கரத்தில் கிண்ணம் செய்வோம். என் கிண்ணங்கள் பார்க்க நன்றாக இருக்கும், கையில் எடுத்தால் அடி கனக்கும். எங்கே தப்பு என்று வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் ஈரமாக இருக்கும்போதே கம்பியால் நடுவே அறுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். டீச்சர்தான் அப்படிச் செய்யலாம் என்று சொன்னார், மற்றவர்கள் ஒரு தடவை அறுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள், செய்ததை அறுக்க மனம் வராது. நான் மூன்று மாதம் செய்ததையெல்லாம் அறுத்தேன். அறுத்த பக்கத்தைத் தாளில் வைத்துக் கோடு இழுத்து, எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் குறித்து வைத்தேன். இப்போது கனம் ஒரே சீராக வருகிறது.

இன்னும் மூன்று கேள்வி. துறைத்தலைவரிடம் சும்மா விசாரித்தேன், "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்கிறார். கைடு ஓய்வு பெற்றவர், கல்லூரி மெயில் ஐடி இப்போது வேலை செய்யவில்லை, சொந்த மெயில்தான். டீச்சருக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. என்ன செய்வது?

வரைபலகை

பெரிதாக ஒன்றும் இல்லை என்கிறீர்கள்! செய்த பாத்திரத்தை நடுவே அறுத்து, உள்ளே சுவர் எப்படிப் போகிறது என்று பார்த்து, அந்த வெட்டுப் பக்கத்தை அளவோடு வரைந்திருக்கிறீர்கள். எங்கள் தொழிலில் அதற்கு செக்ஷன் என்று பெயர். முதல் செமஸ்டரில் மாணவர்களுக்கு இதைப் புரிய வைக்க நான் வாரக்கணக்கில் படாத பாடு படுகிறேன். வெளியே பார்த்தால் தெரியாதது வெட்டினால் தெரியும் என்பதை நீங்களாகவே கண்டுபிடித்து, மூன்று மாதம் விடாமல் செய்திருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த நோட்டைப் போர்ட்ஃபோலியோவில் வையுங்கள், நன்றாக வெளிச்சத்தில் படம் எடுத்து, திருத்தாமல், அழுக்கோடு அப்படியே. கடிதமும் அந்த டீச்சருடையதுதான், அதில் எனக்கு இனி சந்தேகமே இல்லை.

அவருக்குப் பட்டம் இல்லை என்பது ஒரு குறையே இல்லை. முதல் பத்தியில் தான் யார், எத்தனை வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறார், எத்தனை பேர் தன்னிடம் கற்றிருக்கிறார்கள், உங்களை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று சொல்லிவிட்டால் போதும். படிக்கிறவருக்கு, இவர் யாரோடு ஒப்பிட்டுப் பேசுகிறார் என்பது புரிய வேண்டும், அவ்வளவுதான் வேண்டியது.

கைடு சொன்ன ஜன்னல் விஷயமும் அருமை. வெயில் எந்தப் பக்கம் படுகிறது என்று பார்த்து ஒன்றை இடம் மாற்றியவருக்குக் கட்டடக்கலை அந்நியம் இல்லை. ஆனால் நீங்கள் அவரிடம் "இது கட்டடக்கலைக்குப் பொருந்துகிற மாதிரி எழுதுங்கள்" என்று சொல்லாதீர்கள். வேதியியல் ஆசிரியர் வேதியியலாகவே எழுதட்டும். இதைக் கட்டடக்கலையோடு சேர்ப்பது படிக்கிறவர் வேலை. அவரே இழுத்துப் பிடித்து "இவர் சிறந்த ஆர்க்கிடெக்டாக வருவார்" என்று எழுதினால் அந்த வரி மட்டும் பொய்யாகத் தெரியும், பக்கத்து வரிகளையும் அது கெடுக்கும்.

ஜன்னலோரம்

துறைத்தலைவருக்கு நன்றி சொல்லிவிட்டு அத்தோடு விட்டுவிடுங்கள். நீங்களே எழுதிக் கையெழுத்து வாங்குவது முதலில் நேர்மை இல்லை, தெரிந்தால் விண்ணப்பமே போய்விடும். தெரியாமல் போனாலும் உங்களுக்கு நஷ்டம்தான். எஸ்ஓபியும் நீங்கள் எழுதியது, கடிதமும் நீங்கள் எழுதியது என்றால் ஒரே சொல், ஒரே வாக்கிய அமைப்பு இரண்டிலும் வரும். நம்மை நாமே புகழக் கூச்சப்பட்டு, எல்லாருக்கும் பொருந்துகிற மொட்டையான வரிகளைத்தான் எழுதுவோம். விரிசல் ஒரே பக்கமாக விழுந்ததைக் கவனித்தவர் கைடு. அது அவர் கையால் வந்தால்தான் கனம்.

நீங்கள் எழுதக் கூடாது என்றால் எதுவுமே தரக் கூடாது என்று அர்த்தம் இல்லை. ஒரு பக்கத்தில், எங்கே விண்ணப்பிக்கிறேன், ஏன், உங்களிடம் இருந்தபோது நடந்ததில் எனக்கு ஞாபகம் இருப்பவை இவை இவை என்று குறிப்பு எழுதிக் கொடுங்கள். எஸ்ஓபியும் கூடவே. முக்கியமாக அந்தப் பழைய நோட்டுகள். 4 வருடத்துக்கு முந்தையது யாருக்கும் ஞாபகம் இருக்காது, நோட்டைப் பார்த்தால் வந்துவிடும்.

மெயில் ஐடி: ஓய்வு பெற்றவர்களுக்கும் கல்லூரியில் கேட்டால் சில இடத்தில் ஐடியைத் திரும்பத் திறந்து தருவார்கள், முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் சொந்த மெயிலே கொடுங்கள், ஆனால் கடிதத்தில் தன் பழைய பதவி, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, தொலைபேசி எண் எல்லாம் இருக்கட்டும். அதற்கு முன்னால் அந்தந்தக் கல்லூரியின் அட்மிஷன் ஆபீஸுக்கு ஒரு மெயில் போட்டு, இவர் ஓய்வு பெற்றவர், சொந்த மெயிலிலிருந்து வரும், பரவாயில்லையா என்று கேட்டுவிடுங்கள். பதில் சொல்வார்கள். அந்த பதிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மொழி: டீச்சர் தமிழில் எழுதட்டும். மொழிபெயர்ப்பை நீங்கள் செய்யக் கூடாது, உங்கள் வீட்டில் யாரும் செய்யக் கூடாது. சான்று தருகிற மொழிபெயர்ப்பாளரிடம் டீச்சரே கொடுத்து, மூலமும் மொழிபெயர்ப்பும் சேர்த்து ஏற்ற வேண்டும். இதையும் அதே மெயிலில் அட்மிஷன் ஆபீஸிடம் கேளுங்கள், ஒவ்வொரு இடத்துக்கும் விதி வேறாக இருக்கலாம்.

நான்காம்டிராஃப்ட்

வரைபலகை சொன்ன அந்த மாறுபாட்டை ஏற்கிறேன். என் மூன்று கடிதமும் இலக்கிய ஆசிரியர்களுடையது. அதில் ஒன்றுக்குப் பதிலாக, நான் அப்போது புத்தகம் பைண்டிங் கற்றுக்கொண்ட பட்டறை ஆளைக் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அது மனதிலேயே வரவில்லை, அவர் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவர் இல்லை என்று நானே முடிவு செய்துவிட்டேன். நீங்களும் டீச்சரைக் கடைசி வரியில் வைத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, அலுவலகத்திலிருந்து. ஜன்னலோரம் சொன்ன மாதிரி பழைய லீடு இருந்தால் அவர். வெறும் "நேரத்துக்கு முடிப்பார், குழுவோடு ஒத்துப்போவார்" என்று எழுதிவிட்டால் வீண். ஏதாவது ஒரு நாள், ஒரு சம்பவம் அவருக்கு நினைவிருக்கிறதா என்று பேசிப் பாருங்கள். கேட்கும்போது "கடிதம் தர முடியுமா" என்று கேட்காமல், "என்னைப் பற்றி உறுதியாக, விவரமாக எழுத உங்களால் முடியுமா" என்று கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். அந்தத் தயக்கம் அவர் உங்களுக்குச் செய்கிற உதவிதான்.

உப்புப்படிகம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று.

பழைய லீடு ஒருவர் இருக்கிறார், போன வருடம் வேறு கம்பெனிக்குப் போனவர். போன் செய்ததும் அவரே ஒன்றை ஞாபகப்படுத்தினார். ஒரு ஆப்பில் பணம் கட்டுகிற பக்கத்தில் ஜனங்கள் பாதியில் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள், டெஸ்டிங்கில் எல்லாம் பாஸ், தப்பு எதுவும் இல்லை. நான் பக்கங்களைத் தாளில் வரைந்து சுவரில் ஒட்டி, ஒருவர் எங்கிருந்து எங்கே போகிறார் என்று நூல் கட்டிக் காட்டினேனாம், திரும்பி வர வழியே இல்லாத ஒரு பக்கம் அதில் தெரிந்ததாம். எனக்கு அது சுத்தமாக மறந்தே போயிருந்தது. எழுதித் தருகிறேன் என்றார், உறுதியாக.

கைடு சாருடைய கல்லூரி ஐடி திறக்கவில்லை. அட்மிஷன் ஆபீஸ் இரண்டு இடத்திலிருந்து சொந்த மெயில் சரி என்று பதில் வந்திருக்கிறது, மற்றவற்றுக்குக் காத்திருக்கிறேன். நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

டீச்சரிடம்தான் கேட்கத் தயங்கிக்கொண்டே இருந்தேன். போன சனிக்கிழமை எல்லாரும் போன பிறகு கேட்டேன். எனக்கு இதெல்லாம் எழுதத் தெரியாதேம்மா என்றார். நான் கிண்ணம் அறுத்ததைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றியதோ அதை எழுதினால் போதும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், முதல் நாள் நீ அறுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன், அடியில் எவ்வளவு கனம் இருந்தது தெரியுமா என்று விரலை வைத்துக் காட்டினார், நான் நோட்டில் குறித்த அளவும் கிட்டத்தட்ட அதுதான். படிவத்தில் சதவீதக் கட்டம் வரும் என்று சொன்னதும், இதுவரை தன்னிடம் கற்றவர்கள் எத்தனை பேர் என்று வருகைப் பதிவை எடுத்து எண்ணிப் பார்த்துத்தான் போடுவேன் என்கிறார்.

வருகிற சனிக்கிழமை நோட்டையும் அறுத்த கிண்ணங்களையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார், பார்த்துக்கொண்டே எழுத வேண்டுமாம். சுடாத மண் என்பதால் பெரும்பாலானதை ஊற வைத்து மறுபடி பயன்படுத்திவிட்டேன். காய்ந்துபோன பாதிகள் நான்கு மட்டும் அலமாரி மேல் இருக்கின்றன. உடையாமல் எடுத்துப் போக ஒரு பெட்டி தேடிக்கொண்டிருக்கிறேன்.